அரைப்பேர்

பதின்மூன்றாம் ஆண்டு, கலைப்பிரிவு. ஒன்பது பேர்.
மழை பெய்தால் ஏழு.
புதன்கிழமைக் கடைசி இரண்டு பாடவேளையும் எனக்கு.
மவுசாக்கலைத் தண்ணீரிலிருந்து எழும்பிய பனி
உடைந்த கண்ணாடி வழியாக நுழைந்து
பின்வாங்கில் உட்கார்ந்துகொண்டது,
இடாப்பில் பெயர் இல்லாத பிள்ளை மாதிரி.

குறிஞ்சி நடத்தினேன்.
மலையும் மலைசார்ந்த இடமும் என்று எழுதி
அடியில் கோடு கிழித்தபோது
விதுர்ஷன் ஜன்னலைப் பார்த்தான்.
எதிரே பதினோராம் நம்பர் மலை
கவ்வாத்து வெட்டி மொட்டையாக நின்றது.
தெய்வம் முருகன். உணவு தினை. பறவை கிளி.
தொழில்: தேன் எடுத்தல், கிழங்கு அகழ்தல்,
தினைப்புனம் காத்தல்.
எழுதிக்கொண்டார்கள். மூன்று புள்ளிக்கு வரும்.

லோகப்பிரியா கையைத் தூக்கினாள்.
"மிஸ், கிளி ஓட்டினவளுக்குப்
பேர் போட்டாங்களா?"

வகுப்பு சிரித்தது. நானும்.
பிறகு உண்மையாகவே தேடினேன்,
வழிகாட்டியில், என் பல்கலைக்கழகக் கொப்பிகளில்.
தலைவி வெட்கப்படுகிறாள், மெலிகிறாள், வளை கழல்கிறது.
தோழி பொய் சொல்கிறாள், செவிலி தேடிப் போகிறாள்.
சம்பளநாள் எந்தத் துறையிலும் இல்லை.

அன்றிரவு கட்டுரைகள்.
நான் கொடுத்த தலைப்பு: என் ஊரில் ஒரு காலை.
ஏழில் ஐந்து ஊர்களில் நெல்வயல் இருந்தது.
சேவல் கூவியது, உழவர் ஏர் பூட்டினர்,
குளத்தில் தாமரை விரிந்தது,
மஸ்கெலியாவில்.
எல்லாம் ஒரே டியூசன் தாள்.
வெட்ட முடியவில்லை, பிழை ஒன்றும் இல்லை.

லோகப்பிரியாவின் ஊரில் சங்கு ஊதியது.
அவள் அம்மா படங்கை இறுக்கிக் கட்டி
அட்டைக்குச் சவர்க்காரம் பூசி இறங்கினாள்.
பதினேழு கிலோ. பதினெட்டுக்கு ஒன்று குறைவு.
"அம்மாவுக்கு இன்று அரைப்பேர்" என்று
அந்தப் பந்தி முடிந்திருந்தது.

பேச்சுவழக்குச் சொல்லுக்கு
அரைப் புள்ளி குறைப்பது வழக்கம்.
கோடிட்டேன். ஓரத்தில், சிவப்பில்,
'நாட்கூலியில் பாதி' என்று திருத்தினேன்.
குறைத்தேன்.

வியாழக்கிழமை கொப்பியை விரித்தவள்
கோபப்படவில்லை.
கணக்கப்பிள்ளையிடம் நிறை கேட்கும் குரலில்,
"அம்மாவுக்குப் போட்ட மாதிரியே
எனக்கும் போட்டுட்டீங்க, மிஸ்."

தராசடியில்
ஈரத்துக்கு என்று இரண்டு கிலோ கழிப்பார்கள்.
நான் எதற்குக் கழித்தேன்?

"அழிச்சிடவா?"
"வேணாம் மிஸ். சோதனையில வெட்டுவாங்கதானே.
சரியான சொல்லச் சொல்லித் தாங்க."

தந்தேன்.
கொழுந்துக்குத் தளிர். லயத்துக்குத் தொடர் குடியிருப்பு.
பிரட்டுக்குக் காலைநேர வருகைப் பதிவு.
இருபது நிமிஷம் போனது.
விதுர்ஷனும் எழுதிக்கொண்டான்.
அட்டைக்கு மட்டும்
இரண்டு பக்கத்திலும் அட்டைதான்.

அடுத்த வாரக் கட்டுரையில்
கோடு போட இடமே இல்லை.
முழுப் புள்ளி.
அவள் அம்மா அதில் நடந்து போனாள்
யாருடைய அம்மாவோ போல.

கொப்பியின் கடைசிப் பக்கத்தில், பென்சிலில்,
எனக்கென்று விட்டதா, கிழிக்க மறந்ததா தெரியாது:

கிளி வந்தது.
யாரும் விரட்டல.
இன்னைக்கு ஞாயிறு, பேர் இல்ல.

மூன்று தரம் வாசித்தேன்.
பேனா மூடியைத் திறந்து, மூடி, திறந்து,
பஸ் வந்துவிட்டது.
நோர்வூட்டில் இறங்கும்வரை
கொப்பி மடியில் விரிந்தே கிடந்தது,
கண்ணாடி ஏறாத ஜன்னலோர சீட்டில், சாரலில்.
முன்பக்கத்துச் சிவப்பு மை கொஞ்சம் ஊறியிருந்தது.
பென்சில் அப்படியே.